வாடகைப் பலகையில் அக்காவின் கைத்தடம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில், மொட்டைமாடியில் கருவாடு காயும் வீட்டின் வாசலில், ‘மாடி வாடகைக்கு விடப்படும். சைவம் மட்டும்’ என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதி மாட்டியவன் நான். அப்படிப் போட்டால் பெரிய இடத்து ஆட்கள் வருவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பினேன். காசிமேட்டிலிருந்து மீன்கூடையோடு திரும்பிய அக்கா, பலகையை நின்று நிதானமாகப் படித்தார்.

“இன்னாடா, நம்ம வூட்ல நாமளே குந்த முடியாது போலகீதே?”

பெயின்ட் காய்வதற்குள் உள்ளங்கையால் அந்தக் கடைசி வரியை இழுத்துத் தேய்த்துவிட்டு உள்ளே போனார். அந்த அக்காவுக்குத்தான் இன்று முதலாம் ஆண்டு நினைவு.

அக்கா பிறந்தது இதே தெருவில், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில். துறைமுகத்தில் மூட்டை இறக்கிய அப்பாவின் முதுகு போனதும், பள்ளிக்கூடத்தை விட்டு மீன் ஏலத்துக்குப் போனார். ஆண்களின் கூச்சலுக்கு நடுவே அவர் குரல் திருவொற்றியூர் வரை கேட்கும் என்பார்கள். பொய், எண்ணூர் வரை கேட்கும். கல்யாணம் ஏன் வேண்டாம் என்று கேட்டவர்களிடம், ஒரு தம்பியை மேய்ப்பதே போதும் என்று என்னைக் காட்டிவிடுவார்.

பலகையைப் பார்த்து வந்தவர் ஹசீனா. தையல் வேலை, கூடவே வயதான தாயார். பெயரைச் சொன்னதும் கதவைச் சாத்திய வீடுகளைத் தாண்டி வந்திருந்தார். அக்கா பெயரே கேட்கவில்லை. தண்ணி லாரி வந்தால் எனக்கும் இரண்டு குடம் பிடிப்பாயா என்று மட்டும் கேட்டார். இனி உங்கள் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று சித்தப்பா சொல்லி அனுப்பினார். படி கூட்டுகிற வேலை மிச்சம் என்று அக்கா பதில் அனுப்பினார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஹசீனா செய்த பிரியாணியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் சித்தப்பாதான்.

கடைசி மாதங்களில் பக்கவாதத்தில் அக்காவுக்குக் கையும் வாயும் விழுந்துவிட்டன. ஜெபமாலை பிடிக்க முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். ஹசீனாதான் மணியைத் தள்ளினார். முப்பத்து மூன்று வரை எண்ணும் தன் தஸ்பீஹ் மணிப் பழக்கத்தில், ஜெபமாலையின் பத்தில் நிற்காமல் பதினொன்று, பன்னிரண்டு என்று போய்விடுவார். அக்கா புருவத்தை உயர்த்துவார். உடனே இவர் பத்துக்குத் திரும்பி வருவார்.

இப்போது சித்தப்பா மகனுக்குப் பெண் பேசுகிறார்கள். பெண் வீட்டார் வருவதற்குள் மாடியைக் காலி செய் என்று சொந்தங்கள் கூடிச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். என் தலை அதற்கென்றே செய்யப்பட்டது. மாடியை மறுபடி வாடகைக்கு விடப் பழைய பலகையைத் தேடி எடுத்தேன். சைவத்தின் மேல் அக்காவின் ஐந்து விரலும் சிவப்பாக அப்படியே இருந்தன. கன்னத்தில் வாங்கியது போல இருந்தது.

ஆகவே, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கு அச்சிலேயே சொல்கிறேன். ஹசீனா எங்கும் போக மாட்டார். சம்பந்தம் நின்றால் நிற்கட்டும். படி ஏற மாட்டோம் என்பவர்களுக்கு அக்காவின் பதிலே என் பதில். சித்தப்பா மன்னிக்கவும், பிரியாணி மட்டும் எப்போதும் உண்டு.

மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், அக்காவைத் தோளில் சுமந்த எல்லா மதத்துத் தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. ஹசீனாவிடம் நேரில் சொல்வதே மரியாதை என்று, இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் படியேறினேன். நீங்கள் இங்கேயே இருக்கலாம், நான் முடிவு செய்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். தையல் மிஷினிலிருந்து அவர் தலை நிமிரவில்லை.

“அக்கா அப்பவே சொல்லிட்டாங்க.”