மேற்குச் சுவரில் பென்சில் குறிகள்

என் மேசையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஃபோம் துண்டு இருக்கிறது. ஒரு பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டியது; அதில் பென்சிலால் போட்ட பெருக்கல் குறி. மறுபக்கம் வெளிர் மஞ்சள். அதைக் குடைந்துகொண்டு சுண்டுவிரல் கனத்தில் ஒரு மண்பாதை போகிறது. சிறுசேரி அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இது என்னவென்று கேட்பார்கள். கரையான் பாதை என்று மட்டும் சொல்வேன். குறியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

என் அண்ணி எங்கள் ஊரான புதுப்பட்டினத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்குப் பதினோரு வயதானபோது, அண்ணனை மணந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா இல்லாத வீடு. எனக்குச் சடை பின்னியதிலிருந்து பாலிடெக்னிக்கில் விண்ணப்பம் வாங்கி வந்ததுவரை எல்லாம் அவர்தான். நான் எதையும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிவைப்பது அவருக்குப் பெரிய வேடிக்கை. "மூச்சு வுடறதயும் லிஸ்ட்ல எழுதிக்கோ பாப்பா, மறந்துடப் போற" என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரம் இரண்டு நாள் செங்கல்பட்டில் டயாலிசிஸ். குடிக்கும் தண்ணீருக்கு அளவு. அவர் படுத்திருந்த அறையின் மேற்குச் சுவர் பிற்பகலில் தோசைக்கல்லாகக் காயும்; வெயில் ஏற ஏறத் தாகமும் ஏறும். நான் அப்போது மீன் ஏற்றுமதிக்குக் குளிர் அறைகள் கட்டும் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மிஞ்சிய ஃபோம் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூரையின் அடியிலும் அந்தச் சுவரிலும் இடைவெளியில்லாமல் ஒட்டினேன். அறை உண்மையாகவே குளிர்ந்தது. "ஐஸ் பொட்டில வச்ச வஞ்சிரம் மாரி கீறேன்" என்றார் அண்ணி. பல மாதங்களுக்குப் பிறகு அண்ணன் சிரித்தார். நான் படித்தது ஒருவருக்குப் பயன்பட்டது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, நான் வேலையிலிருந்து திரும்பிய ஒரு மாலையில், அண்ணி சுவரைக் காட்டினார். "உள்ள இன்னாவோ நொறுநொறுங்குது. நீங்கல்லாம் போனப்புறம், பகல்ல, நல்லா கேக்குது. கரையானாத்தான் இருக்கும்." காதை வைத்துப் பார்த்தேன். தெருவில் போன பஸ்ஸின் சத்தம்தான் கேட்டது.

"ஃபோம்ல அதுக்குத் திங்க ஒண்ணும் இல்ல அண்ணி. வராது."

"நீ தெனம் பஸ்ல போறியே, பஸ்ஸயா தின்ற? அது வழிம்மா. ஒரே ஒரு பலகைய பேத்துப் பாரு."

நான் பேர்க்கவில்லை. ஒரு பலகையை எடுத்தால் சூடு உள்ளே வரும், மறுபடி ஒட்டினால் முன்போல ஒட்டாது. காரணங்கள் வரிசையாக இருந்தன. பிறகும் நான்கைந்து முறை கேட்டார். நோயினால் காதில் இரைச்சல் வருகிறது என்று முடிவுசெய்து, டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றில் அதையும் மூன்றாவதாக எழுதிக்கொண்டேன். டாக்டர் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை சேர்த்தார். அண்ணி தன் கடைசி இரண்டு மாதங்களில் பாதியைத் தூங்கியே கழித்தார். விழித்திருந்த ஒரு காலையில், "எனக்கும் ஒரு பென்சில் குடு, இஞ்சினீரு" என்றார். கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் கட்டிலை நகர்த்தினோம். அவர் சாய்ந்துகொள்ளச் சுவரோரம் அடுக்கியிருந்த தலையணைகளை எடுத்தபோது, அவற்றின் பின்னால் பலகையின் வெள்ளைத் தாளில் பெருக்கல் குறிகள் தெரிந்தன. பதினான்கு. கடைசி ஒன்றைத் தவிர ஒவ்வொன்றின் கீழும் அவருடைய குண்டுக் கையெழுத்து: செவ்வாய் பதினோரு மணி, வெள்ளி இரண்டு மணி. இடமிருந்து வலமாக, கதவை நோக்கி நகர்ந்துகொண்டே. போகப்போகக் கோணல். சத்தம் கேட்ட இடங்கள். எழுதிவைத்தால்தான் நான் நம்புவேன் என்று, எனக்காக ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்.

ஸ்க்ரூ டிரைவரால் பலகையை நெம்பினேன். குறிகளுக்கு நேர் பின்னால், ஒன்றுகூடத் தப்பாமல், மண்பாதை ஓடியது. கதவு நிலையில் விரலை வைத்து அழுத்தினேன். பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு விரல் உள்ளே போனது. வாசலில் நின்றிருந்த அண்ணன், "அவ சொல்லிக்கினே இருந்தா" என்றார்.

நிலையை மாற்றி, மருந்து அடித்து, சுவரை வெறுமனே விட்டுவிட்டோம். இன்றைக்கு நான் பார்க்கும் எந்தக் கட்டடத்திலும், ஃபோம் ஒட்டும் சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் திறந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறேன். கரையான் ஏறுகிறதா என்று பார்ப்பதற்காக. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நல்ல முறைதான் அது.

மேசையில் இருப்பது பதினான்காவது குறி இருந்த துண்டு. அதன் கீழே கிழமை இல்லை, மணி இல்லை, குறி மட்டும்தான். திருப்பிப் பார்த்தால் பாதை அங்கே நிற்கவில்லை, துண்டின் விளிம்புவரை போகிறது. கதவு நிலைக்கு அங்கிருந்து இன்னும் ஒரு முழம் இருந்தது. அந்த ஒரு முழத்தை அது யார் காதிலும் விழாமல் கடந்திருக்கிறது.