வயர் பிடித்தவன்

மலேசியாவின் பத்து பகாட் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தின் கூரையில் சென்ற மாதம்வரை மூன்று கொக்கிகள் இருந்தன. மின்விசிறிக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய கப்பி தொங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, தீபாவளிக்கு விளக்குச் சரம் மாட்டவா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். அது பொய். என் மைத்துனர் கீழே விழுந்ததற்கு அடுத்த வாரம் நான் ஏணி போட்டு ஏறி, துளையிட்டு மாட்டிய கொக்கிகள் அவை. அவற்றின் கீழே அவர் ஒரு நாளும் விளையாடியதில்லை.

மைத்துனர் என் மனைவியின் தம்பி. இந்த ஊர்த் துணி ஆலையில் சாயப் பிரிவில் வேலை செய்தவர். மதிய உணவு நேரத்தில் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு மேசைப்பந்து விளையாடப் போய்விடுவார். விரலிடுக்குகளில் நீலமோ சிவப்போ எப்போதும் ஒட்டியிருக்கும். வெள்ளைப் பந்தை அவர் தொட்டுத் தூக்கிப் போடும்போது அந்த நிறம் பளிச்சென்று தெரியும். ஆலைகளுக்கிடையே நடக்கும் போட்டிகளில் அவரை வெல்ல ஒரே ஒருவரால்தான் முடிந்தது. அவர் அதே ஆலையின் கிடங்கு மேற்பார்வையாளர், ஒரு சீனர். இவர் ஒரு வருடம் வென்றால் அவர் மறு வருடம் வெல்வார். பிறகு ஆலை மூடப்பட்டது. சீனர் மகனோடு கோலாலம்பூருக்குப் போனார். மைத்துனர் பெக்கான் நானாஸில் வீடு வாங்கிக் குடியேறினார். யார் பெரியவர் என்பது முடிவாகாமலே நின்றது. சில ஆண்டுகளில் சர்க்கரை நோய் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் எதைப் பற்றியும் புலம்பவில்லை. மேசைப்பந்தைப் பற்றி மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டார்.

நான் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எதையும் அளந்து பார்க்காமல் நம்புவதில்லை என்று மாணவர்களிடம் பெருமை பேசியே காலம் ஓட்டினேன். வி.ஆர். கண்ணாடி என்ற ஒன்று வந்திருக்கிறது, தலையில் மாட்டிக்கொண்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே மேசைப்பந்து விளையாடலாம் என்று சொன்னவர் மைத்துனர்தான். மகளோடு ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடிக்குப் போனபோது ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்திருக்கிறார். அது தனியாகவே இயங்கும் வகை. கணினி வேண்டாம், வயர் வேண்டாம், மின்கலம் உள்ளேயே இருக்கும்.

"அது போதும் மச்சான். பெட்டியிலேருந்து எடுத்தோமா, தலையில மாட்டினோமான்னு இருக்கு," என்றார்.

நான் விடவில்லை. ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு வகைகளையும் ஒப்பிட்டேன். தனியாக இயங்குவது ஒரு கைப்பேசியை முகத்தில் கட்டிக்கொள்வது போல. நொடிக்கு எழுபத்திரண்டு படங்கள்தான் காட்டும், மரம் மரமாக இருக்காது, இரண்டு மணி நேரத்தில் மின்கலம் தீர்ந்துவிடும். கணினியோடு இணைப்பது நொடிக்குத் தொண்ணூறு படங்கள் காட்டும், மேசையில் பந்தின் நிழல்கூட விழும், அறை மூலைகளில் வைக்கும் உணரிகள் கையின் அசைவை இம்மி பிசகாமல் பிடிக்கும். முதல் வகை பொம்மை, இரண்டாவதுதான் கருவி என்று முடித்தேன்.

"அலமாக், பந்து அடிக்கலாமான்னு கேட்டா பரீட்சைக்குப் பாடம் நடத்துறீங்க," என்று சிரித்தார்.

நான் சொன்னதெல்லாம் உண்மைதான். என் தாளில் இல்லாத ஒரே விஷயம் சக்கர நாற்காலி.

கணினியை என் வீட்டுக் கூடத்தில் வைத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை, சிங்கப்பூரில் வேலை செய்யும் அவர் மகள் காரில் அழைத்து வருவாள். கண்ணாடியிலிருந்து கணினிவரை ஐந்து மீட்டர் வயர். நாற்காலியின் சக்கரத்தில் அது சிக்கிவிடாமல் பின்னால் நின்று தூக்கிப் பிடிப்பது என் வேலை. அவர் வலப்பக்கம் சாய்ந்தால் நானும் நகர வேண்டும், பின்னால் உருண்டால் நான் சுருட்ட வேண்டும். "என்ன மச்சான், மாட்டக் கயித்துல கட்டி மேய்க்கிற மாதிரியே வர்றீங்க," என்பார். என் மனைவியும் அவர் மகளும் சிரிப்பார்கள். ஆனால் மட்டைக்குப் பதிலாகப் பிடிக்கும் விசைப்பிடி கையில் ஏறியதும் அவர் வேறு ஆள். மணிக்கட்டை உள்ளே மடக்கி, கடைசி நொடியில் வெளியே விடுகிற அந்தப் பழைய சர்வீஸ் அப்படியே இருந்தது. ஒரு கால் போன மனிதருக்கு அந்தக் கை போகவில்லை என்பதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் கணினிக்குப் புதிய பாகம் ஒன்று போட்டிருந்தேன். நொடிக்கு எத்தனை படம் என்ற எண் திரை ஓரத்தில் ஓடும்படியும் செய்திருந்தேன். ஆட்டம் சூடுபிடித்த நேரம், எண் தொண்ணூறிலேயே நிற்கிறதா என்று பார்க்க ஆசை வந்தது. வயரைக் கீழே விட்டுவிட்டு மேசைப் பக்கம் போனேன். அரை நிமிடம்தான். எண் அசையவில்லை. நான் பூரித்துப் போய்ச் சத்தமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் நாற்காலி சாயும் சத்தம் கேட்டது. வயர் சக்கரத்தில் சுற்றி, தலையைப் பின்னால் இழுத்து, அவர் நிலை தடுமாறி வலது தோள்மேல் விழுந்திருந்தார்.

சமையலறையிலிருந்து மகள் ஓடி வந்தாள். "என்னாச்சு மாமா?"

"எட்டி அடிக்கப் போனாரு. மெதுவா ஆடுங்கன்னு சொன்னேன், கேக்கல."

இந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வந்தது. அதனால்தான் இன்னும் என்னை உறுத்துகிறது. கீழே கிடந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, "ஆமாம்மா, நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்," என்றார்.

தோள் மூட்டு விலகியிருந்தது. மருத்துவமனை வாசலிலேயே மகள் அவரைத் திட்டினாள். "இருக்கிறத வச்சுக்கிட்டுப் பேசாம இருக்க மாட்டீங்களாப்பா? இனிமே கண்ணாடியும் வேணாம், ஆட்டமும் வேணாம்." அவர் தலையை ஆட்டினார். என் பொய் அவருடைய தோளைவிட மோசமாக அவரைத் தாக்கியது. தோள் இரண்டு மாதத்தில் ஆறியது. தடை நான்கு மாதம் நீடித்தது. நான் கொக்கி மாட்டினேன், கப்பி மாட்டினேன், வயரைக் கூரை வழியாக ஓட்டினேன். தொலைபேசியில் அழைத்தால், "வேணாம் மச்சான், பிள்ள பயப்படுது," என்பார். பின்னணியில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியில் நான் பொம்மை என்று பழித்த அதையே வாங்கினேன். கொடுப்பதற்கு முன் நானே மாட்டிப் பார்த்தேன். படம் தட்டையாகத்தான் இருந்தது. மேசையில் நிழல் இல்லை, சன்னலுக்கு வெளியே மரம் பச்சைக் காகிதம் போல நின்றது. ஆனால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். கழுத்தை எதுவும் இழுக்கவில்லை. அந்த ஒரு சுற்றில் எனக்குப் புரிந்தது, அவருக்குப் பேரங்காடியில் ஐந்தே நிமிடத்தில் புரிந்திருந்தது. பெக்கான் நானாஸுக்குப் போய் மகளிடம் பேசினேன். வயர் இல்லை, சிக்க ஒன்றுமில்லை, நாற்காலியின் சக்கரத்தைப் பூட்டிவிட்டு ஆடலாம் என்றேன். அவள் அரை மனதாகச் சம்மதித்தாள். அன்றும் உண்மையைச் சொல்லவில்லை.

அவர் கார் நிறுத்தும் இடத்தைத் திடலாக்கிக்கொண்டார். கண்ணாடியின் வில்லையில் வெயில் பட்டால் உள்ளேயிருக்கும் திரை கருகிவிடும் என்பதால் மேற்குப் பக்கம் ஒரு பழைய கைலியைக் கட்டித் தொங்கவிட்டார். ஆறு மாதத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்களோடு ஆடி வென்றார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய எதிராளியான அந்தச் சீனரையே அவர் மகன் மூலமாகப் பிடித்துவிட்டார். அன்று நானும் மனைவியும் போயிருந்தோம். ஆட்டத்தை மகளின் கைப்பேசியில் பார்க்க அண்டை வீட்டுக்காரர்கள் வேலி ஓரம் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு ஆட்டம் வென்று மூன்றாவது நடந்தபோது மின்கலம் குறைந்தது. நான் முன்னேற்பாடாகக் கொண்டுபோயிருந்த வெளி மின்கலத்தைச் சின்ன வயரோடு நீட்டினேன்.

"மறுபடியும் கட்டிப்போட வந்துட்டீங்களா மச்சான்?" என்றார் கண்ணாடிக்குள்ளிருந்து. வேலி ஓரம் சிரிப்பு எழுந்தது. நான் அதை அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

பதினொன்றுக்கு ஒன்பதில் வென்றார். கடைசிப் புள்ளி அந்தச் சர்வீஸ்தான். அந்த உலகத்தில் ஒருவருக்கு மற்றவரின் தலையும் மட்டையும் மட்டுமே தெரியும். ஆகவே சீனர் மலாயில் சாதாரணமாகக் கேட்டார்: "தம்பி, நல்லா ஓடுறியே, கால் எல்லாம் எப்படி இருக்கு?"

"ஒண்ணு நல்லா இருக்கு. இன்னொண்ணு ஓய்வு வாங்கிக்கிச்சு," என்றார் இவரும் மலாயில்.

 "உட்கார்ந்துகிட்டா என்னை ஜெயிச்சே? அடுத்த வாரம் நானும் நாற்காலி போட்டுக்கறேன், அப்ப பாரு," என்றது சீனரின் குரல். இருவரும் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும். என் வாழ்நாளில் மாணவர்கள் எத்தனையோ பரிசு வாங்கிப் பார்த்திருக்கிறேன். அன்று பட்ட பெருமை எனக்கு வேறெங்கும் வாய்த்ததில்லை.

எல்லாரும் தேநீருக்கு உள்ளே போனபோது நாங்கள் இருவர் மட்டும் வெளியே இருந்தோம்.

"மச்சான், அன்னைக்கு வயர் என் கையில இல்ல."

"தெரியும்," என்றார், நெற்றியில் பதிந்திருந்த பட்டையின் தடத்தைத் தேய்த்துக்கொண்டே. "கண்ணுதான மூடியிருந்துச்சு, காது மூடலியே. பின்னால நிக்க வேண்டிய ஆளோட குரல் மேசைப் பக்கமிருந்து வந்துச்சு. தொண்ணூறு, தொண்ணூறுன்னு ஏலம் போட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ஏன் சொல்லல?"

"வாத்தியாரு நீங்க. பிள்ள முன்னாடி தலை குனிஞ்சு நின்னா எனக்குப் பாக்க நல்லாவா இருக்கும்? தோளுதான, ஆறிடும்லா."

மகளிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். "என்னைத் திட்டி முடிச்சாச்சு. மறுபடி முதல்லேருந்தா? விடுங்க," என்றார். அவர் விடச் சொன்னதைச் சாக்காக வைத்து நானும் விட்டுவிட்டேன். அதன் பிறகு இரண்டு வருடம் ஆடினார். போன வருடம் இதயம் நின்று தூக்கத்திலேயே போய்விட்டார்.

சென்ற மாதம் மகள் அத்தையைப் பார்க்க வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தவள், கூரையைப் பார்த்து, "எதுக்கு மாமா இந்தக் கொக்கி?" என்றாள். விளக்குச் சரம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வயரைக் கீழே விட்டது, எண் தொண்ணூறில் நிற்கிறதா என்று பார்க்கப் போனது, அவர் கேட்கவில்லை என்று நான் சொன்னது, அவர் ஆமாம் என்றது. மனைவிக்கும் அன்றுதான் தெரிந்தது. மகள் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "நாலு மாசம் அவரை ஆட விடாம வச்சிருந்தேன் மாமா," என்றாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

குவளையைத் திரும்ப எடுத்தவள், "எங்க வீட்டுல இருக்கிற கண்ணாடி எத்தனை மாமா? தொண்ணூறா?" என்று கேட்டாள்.

"எழுபத்திரண்டு."

"அப்பாவுக்கு அதுவே போதுமா இருந்துச்சு," என்றாள்.

அவள் போன மறுநாள், மனைவி ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஏறி இரண்டு கொக்கிகளைக் கழற்றினேன். மூன்றாவதை விட்டுவைத்திருக்கிறேன். அதைப் பார்த்து யாராவது கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும்.