ஆறு மாதம் குடிக்கவில்லை என்ற கடிதம்

அண்ணன் ஆறு மாதமாகக் குடிக்கவில்லை என்று விதானையார் எழுதித் தந்த கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிராம சேவையாளருக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர்தான். கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அண்ணன் எங்கள் ஊரான தர்மபுரத்தில் உழவு மெசின் ஓட்டியவர். பகல் முழுக்க வயல், பின்னேரம் கள்ளு, அதற்கு மேல் கிடைத்தால் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம். கிட்னி இரண்டும் பழுதானது பிரஷரால், குடியால் அல்ல என்று கொழும்பு டொக்டரே சொன்னார். ஊரில் ஒருவரும் அதை நம்பவில்லை. குடிக்கிறவனுக்கு எந்த நோய் வந்தாலும் குடியால் வந்தது என்று சொல்லிவிட்டுப் போவது ஊருக்கு வசதி.

தங்கச்சி என்னுடைய கிட்னி பொருந்தும் என்று சோதனையில் வந்தது. வந்ததும் நான் கொடுப்பேன் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவெடுத்துவிட்டார்கள். கொடுக்கத்தான் நானும் நினைத்திருந்தேன். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வவுனியாவில் பஸ் ஏறியதிலிருந்து கொழும்பில் இறங்கும்வரை மச்சாள், அதாவது அண்ணனின் மனைவி, எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டே வந்தார். "டொக்டர் கேட்டா, அவர் ஒரு சொட்டும் குடிக்கிறேல்லை எண்டு சொல்லு, என்ன?" நான் யன்னலைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் மொழிபெயர்த்தார். "உங்களுக்கு விருப்பமோ எண்டு டொக்டர் கேக்கிறார். ஆரும் வற்புறுத்தினவையோ?" அத்தனை நாளில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விருப்பம்தான் என்றேன். அண்ணன் குடிக்கிறவரா என்பது அடுத்த கேள்வி.

"ஓம். ஒவ்வொரு நாளும்" என்று சொல்லிவிட்டேன்.

உண்மை பேசும் பெரிய மனதால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். கோபத்தில் சொன்னேன். நாங்கள் வெளிக்கிடுவதற்கு முதல் நாளும் அண்ணன் குடிவெறியில் வந்து முற்றத்தில் விழுந்து கிடந்தார். என் உடம்பை வெட்டி எடுத்து இவருக்குள் வைக்கப்போகிறார்கள், இவரால் ஒரு பின்னேரம் சும்மா இருக்க முடியவில்லையே என்று எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

டொக்டர் கோபிக்கவில்லை. ஒப்பரேசனுக்குப் பிறகு சாகும்வரை நேரம் தவறாமல் குளிசை போட வேண்டும், வெறியில் நாலு நாள் மறந்தால் கிட்னி போய்விடும், போவது உங்களுடையது என்று விளக்கினார். அதில் என்ன பிழை சொல்வது? குடிக்காதவர் என்றால் அடுத்த மாதமே ஒப்பரேசன். இனி ஆறு மாதம் குடிக்காமல் இருந்து, அதற்கு ஊரிலிருந்து கடிதமும் கொண்டுவர வேண்டும். அதுவரை மருந்திலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலும் தாங்கும் என்றார்.

கொழும்பில் ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான். எங்களுக்கோ, சண்டை ஓய்ந்திருந்த அந்தக் காலத்தில்கூட, வவுனியாப் பாதை அடுத்த கிழமை திறந்திருக்குமா என்பதே தெரியாது. அதை டொக்டருக்குச் சொல்லுங்கோ என்று அந்தத் தாதியிடம் கேட்க எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது மச்சாள் என்னை விட்டு முன் இருக்கையில் போய் இருந்தார். ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டியபிறகு அண்ணன்தான் வாய் திறந்தார். "விடு. கேட்டா சொல்லத்தானே வேணும்."

அன்றோடு குடியை விட்டார். இரண்டு கிழமை கை நடுங்கியது, சோறு இறங்கவில்லை. தண்ணீரும் அளந்துதான் குடிக்கலாம், அதனால் எந்நேரமும் நா வறண்டபடி இருப்பார். பழைய கூட்டாளிகள் படலைக்கு வந்து, "சாகப்போறவனை ஏன் வதைக்கிறியள், ஒரு பிளாக் கள்ளு குடுங்கோவன்" என்று கள்ளோடு நின்றார்கள். நான் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

விதானையார், தான் காணாததை எழுத முடியாது என்று சொல்லி, திங்கட்கிழமை தோறும் கந்தோருக்கு வந்து வாயை ஊதிக் காட்டச் சொன்னார். அண்ணன் சைக்கிளில் போய் ஊதிவிட்டு வருவார். விதானையாருக்கும் கள்ளென்றால் உயிர். "நேற்று நான் குடிச்சதே எனக்கு இன்னும் மணக்குது, உன்ர வாயில என்னத்தைப் பிடிக்கிறது" என்று ஒருநாள் சிரித்தாராம். அண்ணனும் சேர்ந்து சிரித்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு விதானையாரின் கிட்னி பழுதானால் யார் ஊதிப் பார்ப்பது?

நாலாம் மாதம் சண்டை தொடங்கி வவுனியாப் பாதை மூடப்பட்டது. அதற்குப் பிறகும் அண்ணன் திங்கட்கிழமைகளில் போய் ஊதினார். இனி எதற்கு என்று கேட்டதற்கு, "பாதை மூடினதுக்கும் நான் ஊதுறதுக்கும் என்ன" என்றார்.

ஆறு மாதம் முடிந்ததும் கடிதம் கிடைத்தது, முத்திரை குத்தி, கையெழுத்தோடு. அதைக் கொண்டு, ஊரை விட்டு வெளியே போவதற்கான பாஸ் கொடுக்கும் இடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் இரண்டு தரம் வாசித்தார். "நல்ல கடிதம் அக்கா. பாதைதான் இல்லை." சுற்றுப் பாதை ஒன்று திறக்கும் என்று சொல்லி நோயாளர் பட்டியலில் அண்ணனின் பெயரை எழுதினார்கள். அவருக்கு முன்னால் காயக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், காய்ச்சல்காரப் பிள்ளைகள். அவர்களை விலக்கிவிட்டு எங்களை விடுங்கோ என்று எந்த வாயால் கேட்பது? கேட்கத்தான் நினைத்தேன். கடிதத்தை மடித்துக்கொண்டு திரும்பினேன்.

அண்ணனுக்குக் கால் வீங்கியது, பிறகு முகம். ஒருநாள் மத்தியானம் மூச்சுக்குத் தவித்துத் தவித்துப் போய்விட்டார். பட்டியலில் அவருடைய முறை வரவில்லை.

அந்த டொக்டரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் கேட்டது சரி. நான் சொன்னதும் உண்மை. அண்ணன் அதற்குப் பிறகு ஒரு சொட்டும் தொடவில்லை. எல்லோரும் சரியாக நடந்து ஒரு மனிதரைச் சாகவிட்டோம். யாரைப் பிடித்து ஏசுவதென்று தெரியாமல் பல வருடம் என்னையே ஏசிக்கொண்டேன்.

மச்சாள் என்னைக் குறை சொன்னதில்லை. முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்து கொஞ்ச நாளில், கிணற்றடியில் வாளியைத் தூக்கும்போது எனக்கு இடுப்புக்கு மேலே நாரி பிடித்துக்கொண்டது. அப்படியே குந்திவிட்டேன். மச்சாள் ஓடிவந்து வாளியை வாங்கினார். தண்ணீரைக் குடத்தில் ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உனக்கென்ன, ரெண்டும் இருக்குத்தானே."