மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும்

எங்கள் கம்பெனியின் அரியாலைக் கந்தோரில், இன்டர்நெட் வழியாகக் கள்ளர் நுழையாமல் காக்க மேலும் கீழுமாக இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று விழுந்தால் மற்றது வேலையைப் பார்க்கும். கீழ்ப் பெட்டி பழுதாகி, போன கிழமை புதிது வந்தது. அதற்குள் இன்னும் ஒன்றும் ஏற்றவில்லை.

நேற்று ஆயுத பூசை. கந்தோர்ப் பியோன் நான், இரண்டையும் கழற்றித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்துத் திரும்பப் பூட்டினேன்.

இன்று காலை மகள் எனக்குப் போன் எடுத்தாள். எங்கள் கொழும்புக் கிளையில் கம்பியூட்டர்ப் பகுதியில் இருக்கிறாள், வேலை இன்னும் நிரந்தரமில்லை. பழைய பெட்டியின் செட்டிங்ஸ் முழுவதையும் அங்கிருந்தே புதியதற்கு ஏற்ற வேண்டுமாம்.

"அப்பா, பழசு மேலைதானே இருக்கு?"

"ஓம் பிள்ளை, பயப்பிடாமல் பட்டனை அமத்து."

அமத்தினாள். நான்தான் மேலதைக் கீழே, கீழதை மேலே மாற்றிப் பூட்டியிருக்கிறேன். வெறும் பெட்டி, பழையதையும் தன்னைப்போல வெறுமையாக்கிவிட்டது. கந்தோர் முழுக்க வேலை நின்றது.

எங்கள் மனேஜர் போனில் அவளைக் கிழித்தார். "உம்மை எப்பிடி நிரந்தரமாக்கிறது?"

"என்ரை பிழைதான் சேர்" என்றாளாம். என் பெயரை எடுக்கவேயில்லை.

நான் உள்ளே போனேன். "சேர், மாத்திப் பூட்டினது நான்."

அவர் சிரித்தார். "விடுங்கோ அண்ணை. பெத்த தகப்பன் உப்பிடித்தான் சொல்லுவார்."

மகளின் நிரந்தர நியமனத்தை நிறுத்திவிட்டார்கள்.

சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது என்று, பிந்தி வந்த நாட்களில் நான் சொன்ன பொய்களை எல்லாம் நம்பிய மனுசன் இந்த மனேஜர். நம்பும்படி உண்மை சொல்வது எப்படி என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் கீழே எழுதுங்கள்.