குத்தி எழும்பும் பந்து

கிரி கட்டில் விரிப்பின் முனையை மடித்துச் செருகிக்கொண்டே, "அன்ரி, இனி நான் விளையாடப் போகேல்லை," என்று என்னிடம் சொன்னான்.

புலம்பெயர்ந்து வந்து, கோட்-டெ-நெய்ஜ் என்ற நகர்ப்பகுதியில் நாங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஊழியர்களுக்கு ஒரு ஃபுட்போல் அணி இருந்தது; காலால் உதைப்பதல்ல, கையால் எறிந்து பிடிக்கும் ஆட்டம். முட்டை வடிவப் பந்தை எறியும் குவாட்டர்பேக் கிரி. மட்டக்களப்பில் கிரிக்கெட் பந்து போட்டவன். அந்தப் பழக்கத்தில் அவன் எறியும் பந்து நிலத்தில் ஒருமுறை குத்தித்தான் எழும்பும். குத்திய பந்து இந்த ஆட்டத்தில் செல்லாது. நேற்றும் அதனால் தோற்றார்கள்.

மறுமுனையை இழுத்த நடராசாதான் பந்தைப் பிடிக்க ஓடுபவர். "அடுத்த கிழமை நான் கிரிக்கெட் பட்டோட வாறன். சிக்ஸராவது அடிக்கலாம்," என்றார்.

"பகிடி விடாதேங்கோ அண்ணை. வேற ஆளைப் போடுங்கோ."

"எல்லாரும் கதைச்சிட்டம். உன்னளவு தூரம் எறிய எங்களில ஒருத்தருக்கும் ஏலாது. நீ பழகுமட்டும் தோப்பம். தோக்கிறது எங்களுக்கு நல்லா வரும்."

கிரி சிரித்ததில் விரிப்பு சுருங்கியது. திரும்ப விரிக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை சலவை அறையில் கிரி சுருட்டிய துவாய்களை எறிய, நடராசா கூடையை ஏந்தி நின்றார். முதல் துவாய் தரையில் விழுந்தது. அடுத்தது நேரே கூடைக்குள் போனது. விழுந்ததைத் திரும்பத் தோய்க்கச் சொல்லிவிட்டு, நடராசாவை இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன்.