ஷ்வேவா திரும்பியது

அப்துல் பாரிக்குக் கை சும்மா இருக்காது. குதிரையையும் பெண்டாட்டியையும் ஒரே கையால்தான் அடித்தான். பர்மாவில், தின்கன்ஜூனில் அவர்கள் குடியிருந்த தெருவுக்கே இது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? இங்கே அடி விழத் தொடங்கியதும் பக்கத்து வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள், அவ்வளவுதான்.

அவன் மனைவி ரஹீமா, குதிரை வண்டிக்காரர் வீட்டில் பிறந்தவள். சின்ன வயதில் சேணம் இல்லாமலே சவாரி போனவள். கல்யாணத்துக்குப் பிறகு குதிரை மேல் ஏற அவளுக்கு அனுமதி இல்லை. புல் வைப்பது, சாணம் அள்ளுவது, அடி வாங்குவது, இதுதான் அவள் பிழைப்பு.

தொண்ணூற்றேழில் மிங்கலாடோனுக்கு அப்பால் உ சோ மிண்ட் என்ற பணக்காரர் வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஒரு சவாரி மைதானம் போட்டார். அமெரிக்கக் கௌபாய் பாணி சவாரி. கடிவாளத்தின் இரண்டு வாரையும் ஒரே கையில் பிடித்து, திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கழுத்தில் லேசாகச் சாய்த்தால், குதிரை எடையைப் பின்னங்கால்களில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அப்துல் பாரி தன் வண்டியில் பூட்டிய மட்டக்குதிரை ஷ்வேவாவை அவருக்கு விற்றுவிட்டு, அதைப் பழக்கும் வேலையிலும் சேர்ந்துகொண்டான்.

ஷ்வேவா திரும்பவில்லை, விழுந்தது. வார் கழுத்தில் பட்டதும் தலையைத் தூக்கும், எடை முழுவதும் முன்னங்கால்களுக்குப் போய்விடும், அப்படியே மண்ணில் சரியும். அப்துல் பாரி எழுந்து சாட்டைக் காம்பால் அதன் முகத்தில் அடிப்பான். வாயில் ரத்தம் வழியும் வரை கடிவாளத்தை இழுத்தான். ஒரு நாள் குதிரை அவன் மேலேயே விழுந்தது. அவன் முழங்கால் நொறுங்கிய சத்தம், புல் கொண்டுவந்து வேலியோரம் நின்ற ரஹீமாவுக்குக் கேட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறென்ன இருக்கும்?

"பயணிகள் வரும் நாளில் இது திரும்பாவிட்டால் கறிக்கடைக்குத்தான்" என்றார், எல்லாரும் மரியாதையாகச் சயா என்று கூப்பிடும் முதலாளி.

"நான் பழக்கறேன் சயா" என்றாள் ரஹீமா. அவர் சிரித்தார். வேறு ஆள் கிடைக்காததால் சரி என்றார்.

முதல் நாள் அவளும் புருஷனைப் போலவே வாரைச் சுளீரென்று வீசினாள். குதிரை அவளையும் கீழே தள்ளியது. உதடு கிழிந்து கிடந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வண்டிக்காரர்கள் குதிரையின் இடக்கழுத்தில் சாட்டையைச் சொடுக்குவார்கள். இந்தச் சவாரியில் வார் வந்து படுவதும் அதே இடம். இத்தனை வருஷம் அடி விழுந்த இடத்தில் தோல் வார் பட்டால் அந்த ஜீவன் என்னதான் செய்யும்?

அன்றிலிருந்து அந்த இடத்தை வருடிக்கொடுத்துக்கொண்டே வெல்லம் ஊட்டினாள். வாரைக் கழுத்தில் சும்மா போட்டுவைத்தாள். பிறகு நிறுத்தி, ஓரடி பின்னால் நடத்தி, எடை பின்னுக்குப் போனதும் வாரைத் தொடவைத்து ஓரடி மட்டும் திருப்பினாள். மெல்ல மெல்ல அரை வட்டம் வந்தது. வீட்டில் அப்துல் பாரி படுத்தபடியே கைக்கு எட்டியதை எல்லாம் எறிந்தான். கொதிக்கும் தேநீர் ஒரு நாள் அவள் தோளைப் பொசுக்கியது.

"என் பொழப்புல மண்ண அள்ளிப் போடறியாடி?"

"நீங்க எந்திரிச்சு வந்து பழக்குங்க மச்சான், யாரு வேணாம்னா" என்றாள். அதற்கும் அடி கிடைத்தது.

பயணிகள் வந்த நாளில் அவனும் ஊன்றுகோலோடு வந்து வேலியருகே நின்றான். ஷ்வேவா அவனைப் பார்த்தது. ரஹீமா வாரைச் சாய்த்ததும் தலையைத் தூக்கி முழங்கால் மடங்க விழுந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரி அலறினாள். அப்துல் பாரி சிரித்தான். முதலாளி கறிக்கடை லாரிக்காரனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

ரஹீமா இறங்கவில்லை. குதிரையை எழுப்பி நிறுத்தினாள். எல்லாருக்கும் புரியட்டும் என்று பர்மியத்தில் சொன்னாள்:

"அந்த ஆளை வெளியே அனுப்புங்கள் சயா. குதிரை அவர் கைக்குப் பயப்படுகிறது. நானும்தான்."

ஊரே கேட்கும்படி இதை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊன்றுகோல் பறந்து வந்து அவள் புருவத்தைப் பிளந்தது. காவலாளிகள் அப்துல் பாரியை மண்ணில் தள்ளி, கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி இழுத்துப் போனார்கள். அவன் அவளுடைய உம்மாவையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே போனான்.

ஒரு கண்ணில் ரத்தம் இறங்கியது. அவள் அதைத் துடைக்காமல் குதிரையை ஓரடி பின்னால் எடுத்து, வாரைக் கழுத்தில் வைத்தாள். ஷ்வேவா பின்னங்கால்களைத் தாழ்த்தி, முன்பக்கம் லேசாகி, வலப்பக்கம் முழுதாகச் சுற்றி நின்றது. பிறகு இடப்பக்கமும் சுற்றியது. முதலாளி லாரியைத் திருப்பி அனுப்பினார்.

புருவத்தில் தையல் போட்டபின் காவலாளி ஒருவன், வண்டியில் தின்கன்ஜூனில் இறக்கிவிடவா என்று கேட்டான்.

"வேணாம். லாயத்துல ஒரு பாய் இருந்தா போதும்" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவள் போகவே இல்லை.