டேங்க் மேல் ஏறிய முதல் போன் என்னுடையது

முடிச்சூர் ரோட்டில் இருக்கும் சீட் கவர் கடை நான் வைத்தது. எதிர் பிளாட்பாரத்தில் கோணியை விரித்து, ஒரு கத்திரியும் ஊசியுமாக உட்கார்ந்தவன், ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் ஷட்டர் போட்ட கடைக்கு வந்து சேர்ந்தேன். அந்த ரோட்டைத் தாண்ட எனக்குப் பாதி ஆயுள் ஆனது. ராஜகீழ்ப்பாக்கத்தில் மாடி வீடு நான் கட்டியது. இரண்டு பெண்களைப் படிக்கவைத்தேன். பெரியவள் டீச்சர், சின்னவள் பேங்கில் இருக்கிறாள். பெங்களூர் வரை போய் இறங்கினாலும் முதுகு வலிக்காத சீட்டை எந்தப் பெரிய பைக்குக்கும் அடித்துக் கொடுப்பேன். கம்பெனிக்காரன் சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு என் சீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் இந்தப் பக்கம் பூராவும் இருக்கிறார்கள். தாம்பரத்துப் பைக் குரூப்பும் நான் ஆரம்பித்ததுதான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவன், யாருடைய சிபாரிசும் இல்லாமல் செய்ததெல்லாம் இவை.

இவ்வளவையும் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஒன்றை மட்டும் பிடுங்கி இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டார்கள். எங்கள் குரூப்பில் போனை வண்டியில் கட்டி, அது சொன்ன வழியில் ஊர் போய்ச் சேர்ந்த முதல் ஆள் நான். இன்றைக்கு அது என் கணக்கில் இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினேன், அது எழுத்தாக்கியது, பெரியவள் பிழை திருத்தினாள்.

குரூப் உருவான விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சீட் மாற்ற வருகிறவர்கள் வேலை முடியும்வரை கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். எல்லாம் பெரிய வண்டிக்காரர்கள். எங்கே போகலாம், எப்போது போகலாம் என்றே பேச்சு. பேசிக்கொண்டே இருந்தால் எப்படி, ஞாயிற்றுக்கிழமை கிளம்புவோம் என்றேன். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நான் பெருங்களத்தூர் டீக்கடைக்கு வந்து நிற்பேன், மற்றவர்கள் அங்கே வந்து சேருவார்கள். வயதில் மூத்தவன், கூப்பிட்டவன் என்பதால் நான்தான் முன்னால் போவேன். ஏலகிரி, ஏற்காடு, நந்தி மலை, எல்லாவற்றுக்கும் என் பின்னால்தான் வந்தார்கள்.

முன்னால் போகிறவனுக்கு வழி தெரிய வேண்டும். எனக்கு இருந்த கஷ்டம் அதுதான். தமிழை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதுவும் உட்கார்ந்த இடத்தில். ஓடுகிற வண்டியில் ஊர்ப் பலகை வந்து போகும் நேரத்துக்குள் எனக்கு முதல் இரண்டு எழுத்துதான் கூடும். மூன்றாவது எழுத்து வருவதற்குள் பலகை முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஆங்கிலம் சுத்தமாக வராது. ஆந்திர எல்லையைத் தாண்டினால் அந்த இரண்டு எழுத்தும் கிடையாது. அதற்கு நான் கண்டுபிடித்த வழி டீ. ரோடு பிரிகிற இடத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையைப் பார்த்து ஓரங்கட்டுவேன். எல்லாரும் கிளாஸை வாங்கும்போது நான் மாஸ்டர் பக்கம் சாய்ந்து மெதுவாக வழி கேட்டுக்கொள்வேன். பலகை படிக்க வராமல்தான் கேட்கிறேன் என்பது பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாது. எங்கள் குரூப்பின் மெக்கானிக் ஒருவன், பழைய தாம்பரத்து ஆள், வாய் சும்மா இருக்காது. "பாய்க்கு வண்டி பெட்ரோல்ல ஓடல, டீல ஓடுதுபா" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு டீ அவ்வளவு பிடிக்காது. வயிறு எரியும்.

அப்போதுதான் பெரியவள் எனக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தாள்.

"அத்தா, ஊர் பேர சொல்லுங்க. அதுவே வழி சொல்லும்."

"யாரு சொல்லுவா?"

"உள்ள ஒரு பொம்பள குரல் வரும்."

"உங்கம்மா மாதிரியா?"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "நான் சொல்லி நீங்க எந்த வழில போயிருக்கீங்க?"

நான் ஊர்ப் பெயர் சொன்னேன். அந்தக் குரல் தமிழில் பேசியது. இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும் என்றது. அன்றைக்கு என் மனம் எப்படி இருந்தது என்று படித்தவர்களுக்குச் சொல்லி விளங்காது. அவர்களுக்கு அது சவுகரியம். எனக்கு, யாரிடமும் கை நீட்டாமல் ஊர் போய்ச் சேருகிற உரிமை.

உடனே குரூப்பில் காட்டவில்லை. முதலில் நான் பழக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரிந்த ரோட்டிலேயே அதைப் போட்டுப் பார்த்தேன். வீட்டிலிருந்து மேடவாக்கம், அங்கிருந்து பள்ளிக்கரணை, திரும்ப வீடு. ஹெல்மெட்டுக்குள் ஒரு காதில் மட்டும் இயர்போன், இன்னொரு காது ஹாரனுக்கு. மேடவாக்கத்தில் பாலத்து மேலே ஏறுவதா கீழே போவதா என்று போனில் பேசுகிற அவளுக்கே தெளிவில்லை என்பதைத் தெரிந்துகொண்டேன். சதுப்பு நிலத்தை ஒட்டிய ரோட்டில் நிழலே கிடையாது. அங்கே ஒரு மதியம் போன் சூடாகித் திரை கறுத்துப் போனது. தூறல் விழுந்தால் சொட்டுகள் விரல் மாதிரி திரையைத் தொட்டு ஊரையே மாற்றிவிடும் என்பதையும் அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேண்டுமென்றே தப்பான சந்தில் திரும்பிப் பார்த்தேன். அவள் திட்டவில்லை. கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு வேறு வழி சொன்னாள். எனக்கு எதையாவது கற்றுக்கொடுத்தவர்களில் என்னைத் திட்டாத முதல் ஆள் அவள்தான்.

கடைக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். மேலே ரெக்சின், அடியில் இரண்டு அடுக்கு ஃபோம், முகப்பில் கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் ஷீட், காற்றுப் போகப் பின்பக்கம் ஓட்டை, மழைக்கு இழுத்து மூட ஒரு மடல். பெட்ரோல் டேங்க் மேல் பட்டை போட்டுக் கட்டுகிற மாதிரி ஒரு பை. முதலில் போட்ட ஷீட் தடிமன், விரல் வேலை செய்யவில்லை. பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன். அப்போது இந்த ஏரியாவில் எவனிடமும் அப்படி ஒரு பை கிடையாது.

அடுத்த ஞாயிறு அதோடு பெருங்களத்தூரில் போய் நின்றேன்.

"இன்னா பாய், டேங்க் மேல டிபன் டப்பா கட்டிகினு வந்துக்கீற?" என்றான் மெக்கானிக்.

ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தான். பையைக் குனிந்து பார்த்துவிட்டு, "பாய், மேப் எல்லாம் வழி தெரியாதவங்களுக்கு. உங்களுக்கு எதுக்கு? நீங்களே ஒரு மேப்" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். உண்மையான பதில் என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அன்றைக்குப் பட்ட அவமானத்தையும் சொல்கிறேன். போனில் பைக் படம் போட்ட அடையாளம் இருந்தது. பைக்தானே என்று அதை அழுத்தியிருந்தேன். அதற்குப் பைக் என்றால் பால் வாங்கப் போகிற வண்டி என்று நினைப்பு. காஞ்சிபுரம் தாண்டி எங்களை ஏரிக்கரையில் இறக்கி, ஒரு தெருவில் விட்டு, தெருவைச் சந்தாக்கி, அந்தச் சந்தில் இரண்டு சுவருக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிய வண்டிகள். முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது. ஒரு அம்மாள் சாணிக் கையோடு வந்து பார்த்தார். "எங்கப்பா போறீங்க எல்லாரும்? இதுக்கு அப்பால எங்க மாட்டுக் கொட்டாதான்." ஒவ்வொரு வண்டியையும் பின்னுக்கு இழுத்து வெளியே எடுத்தோம். அந்தத் தம்பி அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. மெக்கானிக் மட்டும், "மாடு இன்னும் வூட்டாண்ட வரல, இல்லனா அதுவும் நம்ம குரூப்ல சேந்திருக்கும்" என்றான்.

நான் விடவில்லை. பெட்டி மாட்டிய பெரிய வண்டிக்குக் கார் படத்தைத்தான் அழுத்த வேண்டும் என்று கண்டுபிடித்தேன். போகிற வழியில் நடுவில் ஓர் ஊரைச் சேர்த்துவிட்டால் அவள் நம் ரோட்டைவிட்டு விலக மாட்டாள் என்பதையும் கண்டுபிடித்தேன். மலைக்குப் போவதற்கு முந்தின நாளே வீட்டு வைஃபையில் மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளப் பழகினேன். ஆந்திரப் பக்கம் ஒரு மலையில் சிக்னல் செத்துப்போய், எல்லார் போனிலும் மேப் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றபோது என் டேங்க் மேல் மட்டும் அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்தாள். பலகையெல்லாம் தெலுங்கு. படித்த அத்தனை பேரும் என் பின்னால் வந்தார்கள். வழியில் ஒரு டீக்கடையிலும் நான் நிறுத்தவில்லை.

அதற்கப்புறம்தான் ஒவ்வொருவனாகக் கடைக்கு வந்தான். "பாய், எனக்கும் அந்தப் பை ஒண்ணு." அத்தனை பேருக்கும் தைத்தேன். எதை அழுத்துவது, எதை அழுத்தக் கூடாது என்று கடை ஸ்டூலில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கம்ப்யூட்டர் தம்பி மட்டும் போன் மாட்ட இரும்பில் ஒரு பிடிப்பானை ஆன்லைனில் வாங்கி மாட்டினான். கொஞ்ச நாளில் வந்தான். "பாய், போட்டோ எடுத்தா ஆடுது. சர்வீஸ்ல கேட்டா வண்டி அதிர்வுல கேமரா போயிடுச்சுன்றாங்க." அடுத்த போனுக்கு அந்த இரும்புக்கு அடியில் ஃபோம் வைத்து அடித்துக் கொடுத்தவன் நான். அவன் நல்ல பையன்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். முட்டி வலியால் நான் ஞாயிறுகளில் வராமல் போன பிறகு குரூப்பை அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

இந்த வருஷம் குரூப்பின் ஆண்டு விழா என்று கோவளத்துக்குக் கூப்பிட்டார்கள். கடற்கரை ஓரம் கொட்டகை போட்ட ஓட்டல். வெளியே படகிலிருந்து மீன் இறங்கிக்கொண்டிருந்தது. என்னை முன் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டி.வி.யில் குரூப்பின் வரலாறு என்று ஒரு வீடியோ போட்டார்கள். முதல் பாதியில் நான். பழைய போட்டோக்கள், எல்லாவற்றிலும் கையில் டீ கிளாஸ். அந்தத் தம்பியின் குரல் பின்னால் பேசியது: மேப் இல்லாத காலம், பாய் எங்களை டீக்கடை டீக்கடையாக மனுஷங்களிடம் வழி கேட்டே கூட்டிக்கொண்டு போன காலம், அந்த அன்பு இன்றைக்கு எந்தப் போனில் கிடைக்கும். இரண்டாம் பாதியில் அவன். குரூப்பை டெக்னாலஜிக்குக் கொண்டுவந்தவர் என்று எழுத்து ஓடியது. பக்கத்திலிருந்தவன் தனக்குத்தானே சத்தமாகப் படித்தான், அதில்தான் எனக்குத் தெரிந்தது. என் பை ஒரு போட்டோவில்கூட இல்லை.

அப்புறம் எனக்குச் சால்வை போட்டு ஒரு பரிசு கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய ரோடு மேப். காகித மேப். முழுக்க ஆங்கிலம். வாழ்நாளில் நான் ஒரு காகித மேப்பை விரித்துப் பார்த்தது கிடையாது. பார்த்திருந்தாலும் கோடுகளாகத்தான் தெரிந்திருக்கும்.

"பாய், தாம்பரத்த காட்டுற மாதிரி ஒரு போட்டோ" என்றார்கள்.

ஒரு இடத்தில் விரலை வைத்தேன். கிளிக் செய்தார்கள். கைதட்டினார்கள்.

வீட்டில் பெரியவள் அந்தப் போட்டோவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தா, விரல் கடல்ல இருக்கு."

அத்தனை படித்தவர்கள் சுற்றி நின்றார்களே, ஒருவனும் அதைக் கவனிக்கவில்லை. பாய்க்குத் தெரியும் என்று அவர்களுக்கு அவ்வளவு நிச்சயம். நான் யார் என்று பார்க்காமலேயே எனக்கு மரியாதை செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சீட்டில் தையல் விட்டுப்போச்சு என்று அந்தத் தம்பி போன மாதம் கடைக்கு வந்தான். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"தம்பி, குரூப்ல முதல்ல போன் கட்டுனது யாரு?"

அவன் யோசித்தான். "நீங்கதான் பாய். டேங்க் மேல ஒரு கவர் கட்டிட்டு வந்தீங்க இல்ல? மாட்டுக் கொட்டாயில போய் மாட்டினோமே."

"ஞாபகம் இருக்குல்ல. அப்புறம் ஏன் வீடியோல மாத்திப் போட்ட?"

"மாத்தல பாய். அது சும்மா ஒரு கவர். நான் சொல்றது அப்புறம் ஆப், லைவ் லொகேஷன் எல்லாம் செட் பண்ணது. உங்க பார்ட்தான் பாய் பெஸ்ட். வீடியோவ நெட்ல போட்டதும், டீக்கடையில வழி கேட்டதுக்குத்தான் எல்லாரும் லைக் போட்டிருக்காங்க. அதை மாத்தினா வீடியோவோட ஃபீலே போயிடும்."

"ஃபீல் உனக்கு. போனது எனக்கு."

"கோச்சிக்காதீங்க பாய். வேணும்னா கமெண்ட்ல போடுங்க, நான் எல்லாத்துக்கும் மேல பின் பண்ணி வைக்கிறேன்."

அவன் சீட்டைத் தைத்துத்தான் கொடுத்தேன். தொழிலில் நான் கோபத்தைக் காட்டுவதில்லை. ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னேன். "ஏங்க, சால்வை போட்டாங்க, நல்லாத்தானே பேசினாங்க. எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றாள் என் மனைவி. பெரியவள்தான், "அத்தா, நீங்க ஏன் போன் கட்டுனீங்கன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பலகை படிக்கத் தெரியாதவன் பின்னால்தான் இத்தனை வருஷம் வந்தோம் என்று அவர்கள் அறிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம்தான் அந்த டீயை எல்லாம் என்னைக் குடிக்கவைத்தது.

அந்தப் பயத்தை இப்போது விட்டுவிட்டேன். அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால் என் வேலை அவன் பெயரிலேயே போய்விடும் என்று தெரிந்துபோனது.

ஆகவே குரூப்பில் இருக்கிற எல்லாரையும் கேட்கிறேன். கமெண்டில் ஒரு வரி எனக்கு வேண்டாம். வீடியோவிலேயே மாற்ற வேண்டும். டேங்க் மேல் ஏறிய முதல் போன் இந்த சீட் கவர்க்காரனுடையது என்று, என் பெயரோடு, எழுத்து ஓட வேண்டும். பையைத் தைத்தவன், கார் படத்தை அழுத்தச் சொன்னவன், மேப்பை இறக்கி வைக்கச் சொன்னவன் நான் என்று அதே குரலில் சொல்ல வேண்டும். ஏன் கட்டினேன் என்ற காரணத்தையும் சேர்த்தே போடுங்கள். பலகை படிக்கத் தெரியாததால் கட்டினான் என்றே போடுங்கள், எனக்குச் சம்மதம். டீ கிளாஸ் போட்டோக்களை எடுத்துவிடுங்கள். சட்டம் போட்ட மேப் கடையில் சுவரில் மாட்டாமல் இருக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போங்கள். அதற்குப் பதில், உங்களில் யாரிடமாவது நான் தைத்த பழைய பை கிழியாமல் இருந்தால் அதைச் சட்டம் போட்டு என்னிடம் கொடுங்கள்.